பணிப்பதிவேட்டின் முதல் பக்கம்

(கோவையில் நடந்த ஆசிரியைகள் கூடுகையில் ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசுப் பணியில் வயது, ஆண் பெண் சமத்துவம் இரண்டையும் சேர்த்துப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். நான் இரண்டு முறை ஓய்வு பெறாமல் போனவள். 2020 செப்டம்பரில் எனக்கு 58 நிறைவு. பாராட்டு விழாவுக்குக் கட்ட ஒரு பட்டுப்புடவை கூட எடுத்தாயிற்று. அந்த ஆண்டு மே மாதமே ஓய்வு வயது 59 என்று ஆணை வந்தது. சரி, இன்னும் ஒரு வருஷம்தானே என்று இருந்தால், 2021 பிப்ரவரியில் 60 என்று அறிவித்தார்கள். புடவை பீரோவிலேயே கிடந்தது. கடைசியில் 2022 செப்டம்பரில் ஓய்வு பெற்று, மறுநியமனத்தில் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை அதே வகுப்பில் இருந்தேன். "டீச்சர், உங்களுக்கு டாட்டா சொல்லிச் சொல்லி எங்களுக்குக் கை வலிக்குது" என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்.

ஓய்வு வயது கூடியபோது எங்கள் ஒன்றியத்துப் பெண் ஆசிரியர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றோம். "இன்னும் ரெண்டு வருஷமா!" என்று பெருமூச்சு விட்டவர்கள் ஒரு பக்கம். காலை நாலரை மணிக்கு அடுப்பு, இரவு பத்து மணிக்குப் பாத்திரம், இடையில் பள்ளி என்று முப்பது ஆண்டுகள் ஓடியவர்கள் அவர்கள். "அப்பாடா" என்றவர்கள் இன்னொரு பக்கம். நான் அந்தப் பக்கம். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் பெற 30 ஆண்டுத் தகுதிப் பணி வேண்டும். 58-ல் போயிருந்தால் எனக்கு 23 ஆண்டுகள்தான். 60-ல் போனதால் 25 ஆயிற்று. காரணம், நான் வேலையில் சேர்ந்ததே 34 வயதில்.

ஏன் 34? இங்கே இருக்கும் இளம் ஆசிரியைகளுக்கு அந்தக் கதை தெரியாது. ஆசிரியர் பயிற்சியை 1982-ல் முடித்து, கோவை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். அப்போது போட்டித் தேர்வு கிடையாது, பதிவு மூப்புதான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பதிந்தது பிறந்த வீட்டு முகவரியில், ஆனைமலைப் பக்கத்து ஊர். கல்யாணமாகி அன்னூர்ப் பக்கம் வந்துவிட்டேன். 1988-ல் மகள் கைக்குழந்தை. புதுப்பிக்கும் மாதம் எனக்கு நினைவிலேயே இல்லை. அப்பா நாட்காட்டியில் குறித்து வைத்திருந்து, வந்து என்னைக் கூட்டிப்போனார். என்னோடு ஒரே பெஞ்சில் படித்த தோழிக்கு அப்படி ஓர் அப்பா இல்லை. தலைப்பிரசவம், காய்ச்சல், மாமியார் வீடு. தேதி தாண்டியது, மூப்பும் போயிற்று. என்னைவிட ஏழு ஆண்டு பிந்தித்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. அந்த ஏழு ஆண்டு அவளுடைய பதவி உயர்வில், ஓய்வூதியத்தில், எல்லாவற்றிலும் கூடவே வந்தது.

எனக்கு நேர்காணல் அட்டை வந்தது 1997-ல். தபால்காரர் ஆனைமலையில் கொடுத்த அட்டையை அப்பா வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு பொள்ளாச்சி வந்து, உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸில் காந்திபுரம் போய், அங்கிருந்து சத்தி ரோட்டு பஸ் பிடித்து அன்னூர் வந்தார். கதவைத் திறந்ததும், "கண்ணு, தண்ணி அப்பறம் குடுக்கலாம், மொதல்ல இதப் படி" என்றார். அப்போது ஆசிரியர் நியமனத்துக்கு வயது ஒரு தடையாக இல்லை. இருந்திருந்தால் நான் இன்று இந்த மேடையில் இல்லை.

அதனால்தான் வயது வரம்பு பற்றிய அறிவிப்பு வரும்போதெல்லாம் நான் அதைப் பெண்களின் செய்தியாகவே படிக்கிறேன். 2020-ல் ஆசிரியர் நியமனத்துக்குப் பொதுப்பிரிவினருக்கு 40, மற்றவர்களுக்கு 45 என்று உச்ச வரம்பு வந்தது. இடையில் சில தளர்வுகள். 2023-ல் அது 53, 58 என்று உயர்ந்தது. ஆணையில் ஆண், பெண் என்ற சொல்லே இல்லை. ஆனால் 23 வயதில் படிப்பை முடித்து, 25-ல் கல்யாணம், 27-லும் 30-லும் பிரசவம், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு மறுபடி புத்தகத்தை எடுக்கும் பெண்ணுக்கு 40 என்பது ஒரு கணக்கு. கல்யாணமாகியும் பயிற்சி மையத்துக்குப் போக முடிகிற ஆணுக்கு அதே 40 வேறு கணக்கு. 2013-ல் தகுதித் தேர்வில் தேறிவிட்டுப் பத்தாண்டுக்கும் மேல் பணிக்குக் காத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

முந்தைய தலைமுறைக்கு வாசலே மூடியிருந்தது. அன்னா ராஜம், 1951-ல் சென்னை மாகாணப் பிரிவில் சேர்ந்த, நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி. திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்று அவருடைய நியமன ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. அவரைத் தலைமைச் செயலகத்தில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. முதல் களப்பணி எங்கே தெரியுமா? அன்றைய சேலம் மாவட்டத்து ஓசூரில், சப் கலெக்டராக. பின்னாளில் விதி மாறியது, அவரும் திருமணம் செய்துகொண்டார்.

நிபந்தனை எல்லாத் துறையிலும் உடனே போய்விடவில்லை. வெளியுறவுப் பணியில் பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறானால் விலகச் சொல்லலாம் என்று விதி இருந்தது. சி.பி. முத்தம்மா அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் தீர்ப்பு எழுதியவர் வாளையாறுக்கு அந்தப் பக்கம் பாலக்காட்டுக்காரரான நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். குடும்பப் பொறுப்பு பெண்ணுக்கு இடையூறு என்றால் ஆணுக்கும் அதுதானே என்பது அவர் வாதத்தின் சாரம். ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண்களுக்கு 35 வயதில் ஓய்வு. முதல் கர்ப்பத்திலேயே வேலை போகும் என்ற விதியை 1981-ல் நீதிமன்றம் நீக்கியது.  ஒரு பொதுத்துறை நிறுவனம் 35 வயதுப் பெண்ணை மூத்தவர் என்று வீட்டுக்கு அனுப்பிய காலம் அவ்வளவு பழசு இல்லை.

தமிழ்நாட்டில் வாசல் 1989-ல் அகலமாயிற்று. அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு. தொடக்க வகுப்புகளுக்குப் பெண் ஆசிரியர்கள் என்ற கொள்கையும் அந்தக் காலத்தில்தான் வந்தது. 2021 செப்டம்பரில் 30-ஐ 40 ஆக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். எங்கள் தொடக்கப் பள்ளிகளில் போய்ப் பாருங்கள், ஆசிரியர் அறையில் ஓர் ஆண் இருந்தால் அதிகம். ஆகவே சமத்துவம் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடலாமா? தலைகளை எண்ணினால் வந்துவிட்டது. பணிப்பதிவேட்டைப் புரட்டினால் அப்படித் தெரியாது. முதல் பக்கத்தில் பிறந்த தேதி எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும். பின்பக்கங்களில்தான் பிரிகிறோம்.

என் பதிவேட்டில் அப்படி ஒரு பக்கம் உண்டு, சொல்கிறேன். 2005-ல் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதவி உயர்வுக்கு என் முறை வந்தது. வயது 43. காலியிடம் எங்கள் ஒன்றியத்தின் கடைசிக் கோடியில். காலை 7.10-க்கு ஒரு பஸ், மாலை ஐந்தரைக்கு ஒன்று. மகள் பிளஸ் டூ, மாமியார் படுக்கையில். அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம், யார் என்பது வேண்டாம். நான் வாயைத் திறக்குமுன்பே எழுத்தர் தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். "டீச்சர், உங்களுக்கு வேண்டாங்கறதுதானுங்களே? வீட்டப் பாக்கோணுமில்லீங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க." பதவி உயர்வைத் துறக்கும் கடிதம். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு முன்னால் வந்த இரண்டு ஆசிரியைகளும் அதையேதான் போட்டிருந்தார்கள். அன்று வந்தவர்களில் ஐந்து பேர் பெண்கள், மூன்று பேர் துறந்தோம். ஆண்கள் மூவரில் ஒருவரும் துறக்கவில்லை. பட்டியலில் எனக்கு நான்கு இடம் பின்னால் இருந்த தம்பி அந்த இடத்துக்குப் போனார். நல்ல ஆசிரியர். பிறகு நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகி ஓய்வு பெற்றார்.

அவருக்கும் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தது, வயதான தாயார் இருந்தார். அவரிடம் இருந்து என்னிடம் இல்லாதது ஒரு வண்டி. இதை நான் பல வருஷம் கழித்துத்தான் யோசித்தேன். என் கணவரும் கெட்டவர் இல்லை, ஆனால் நான் வண்டி ஓட்டலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை! 1991 வாக்கில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பேப்பரில் படித்தவள்தான் நான். படித்ததோடு சரி. 47 வயதில், கோடை விடுமுறையில், பள்ளி மைதானத்தில் ஸ்கூட்டி கற்றேன். ஊர்ப் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். வேப்பமரத்தில் இரண்டு முறை மோதினேன். அடுத்த முறை பதவி உயர்வு வந்தபோது கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அந்தச் சில ஆண்டுகள் திரும்பி வரவில்லை. அடுத்த நிலைக்கு என் முறை வருமுன் வயது முடிந்துவிட்டது.

அன்று எனக்கு ஒன்றியத்துக்குள்தான் மாறுதல். 2023 டிசம்பர் 21-ல் வந்த அரசாணை 243, தொடக்கக் கல்வி ஆசிரியர்களின் முன்னுரிமையை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றியது. ஆசிரியர் சங்கங்கள் போராடின, நீங்கள் அறிவீர்கள். சரியா தவறா என்று வாதிட நான் வரவில்லை. காத்திருந்து மூப்பு தேங்கிய ஒன்றியத்து ஆசிரியருக்கு அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் 45 வயதில் அன்னூரிலிருந்து வேறொரு மாவட்டத்துக்குப் பதவி உயர்வில் போகச் சொன்னால் அந்தத் தட்டச்சுத் தாளில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகப்பேறு விடுப்பு நான் சேர்ந்தபோது 90 நாள். 2011-ல் ஆறு மாதம், 2016-ல் ஒன்பது, 2021 ஜூலை முதல் ஓராண்டு. நல்ல விஷயம் என்று மேடையில் பேசியவள்தான். எங்கள் ஈராசிரியர் பள்ளியில் இளம் ஆசிரியை விடுப்பில் போனதும் ஐந்து வகுப்பும் என் தலையில். மாற்றுப் பணிக்கு ஆள் கேட்டு எழுதினேன், வரவில்லை. ஒருநாள் கோபத்தில் அவருக்கே போன் செய்து, "இன்னும் எத்தனை மாசம் அம்மணி?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் குழந்தை அழும் சத்தம். அவர், "சீக்கிரம் வந்தர்றேங்க டீச்சர்" என்றார். போனை வைத்ததும் வெட்கமாக இருந்தது. ஆள் தராதவர்கள் மேல் வரவேண்டிய கோபம் குழந்தை பெற்றவர் மேல் வந்தது. தலைமை ஆசிரியர்கள் பலரிடம் இந்தக் கோபத்தைப் பார்க்கிறேன். விடுப்பு ஆணையோடு மாற்று ஆசிரியருக்கான ஆணையும் சேர்ந்து வரும்வரை அது போகாது. தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவருக்கு மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு, இரண்டு குழந்தை விதியைக் காட்டி மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 2025 மே 23-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒரு விடுப்புக்காக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்.

இப்போது இருக்கிற பெரிய கவலைக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் பணிக்காலம் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு இல்லை. 55-ஐத் தாண்டியவர் மூச்சு விடுகிறார், 51-ல் இருப்பவர் புத்தகம் வாங்குகிறார். அந்த 51 வயது ஆசிரியைக்குப் படிக்க நேரம் எது? தேர்வின் கடினம் இரண்டாவதுதான். வீட்டில் யாரும் அவரைப் படிக்கிறவராகப் பார்ப்பதில்லை, அதுதான் முதல் கடினம். இங்கே வந்திருக்கும் ஆண் ஆசிரியர்கள் சிலரின் மனைவியரும் ஆசிரியைகள். இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் யார் கையில் புத்தகம், யார் கையில் தோசைக் கரண்டி?

தலைமை ஆசிரியர்களிடமும் அலுவலகங்களில் இருப்பவர்களிடமும் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பதவி உயர்வைத் துறக்கும் கடிதத்தைத் தயாராகத் தட்டச்சு செய்து வைக்காதீர்கள். அவரே தன் கையால் எழுதட்டும். எழுதுமுன் அதனால் எத்தனை ஆண்டு இழப்பு, ஓய்வூதியத்தில் எவ்வளவு என்று உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். எனக்கு அந்த ஒரு வாரம் கிடைத்திருந்தால் ஒருவேளை ஸ்கூட்டி கற்க 47 வயதுவரை காத்திருந்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறு ஆசிரியைகள் கூடிப் படிக்கிறார்கள். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் நான் எடுக்கிறேன், கணக்குக்கு ஓய்வுபெற்ற ஒரு சார் வருகிறார். காபி என் கணவர் போடுகிறார், சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அந்த ஆறு பேரில் ஒருவருக்கு 51 வயது. ஆசிரியர் பயிற்சி முடித்த அவருடைய மகளும் அதே தேர்வுக்குத்தான் படிக்கிறாள். இருவருக்கும் சேர்த்து ஒரே புத்தகம். போன வாரம் 150 மதிப்பெண் மாதிரித் தேர்வில் மகள் 104, அம்மா 97. சூழ்நிலையியலில் ஒரு கேள்விக்குத் தான் எழுதியதுதான் சரி என்று அம்மா இன்னும் என்னிடம் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பாடத்தை இருபது வருஷமாக நடத்துகிறவர் அவர். வீட்டுக்குப் போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.