முதலையை வரைதல்

முதலையை வரையத் தொடங்கினால் நம்மிற் பலர் முதலில் வாயைத் திறந்துவிடுகிறோம். பிறகு பற்களை நிரப்புகிறோம். முடிவில் பச்சை வண்ணத்தைப் பூசுகிறோம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே வரைந்தேன். அது முதலையன்று, என் அச்சத்தின் படம். அதைக் கண்டு என் பேத்தி சிரித்தாள்.

மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கப்பெற்ற முதலைப் பண்ணைக்குச் சென்றேன். கரையில் சதுப்புநில முதலை ஒன்று அசையாது கிடந்தது. பச்சை எங்கே? உலர்ந்த சேற்றின் சாம்பற் பழுப்பையே கண்டேன். வாய் மூடியிருந்தும் கீழ்த்தாடையின் நான்காம் பல் வெளியே தெரிந்தது. முன்காலில் ஐந்து விரல்கள்; பின்காலில் நான்கு. வாலின்மேல் இரு வரிசையாய்த் தொடங்கும் முகடுகள் நுனியை நெருங்குகையில் ஒன்றாகின்றன.

முதுகுச் செதில்களை ஓடு வேய்ந்தாற்போல் வரிசையாக எழுதினேன், பொருந்தியது. முகத்தையும் அப்படியே எழுதினேன், பொய்யாயிற்று. காரணத்தைப் பின்னரே அறிந்தேன். முகத்திற் காண்பவை செதில்களல்ல. அவை தோலில் விழும் வெடிப்புகள் என்று 2013-இல் ஆய்வாளர் கருதினர்; ஆனால் அவை கருவில் வளரும்போது தோல் மடிவதால் உண்டாகும் கோடுகள். வறண்ட ஏரியின் தரைபோல் அவை ஒழுங்கற்றவை. இடக் கன்னமும் வலக் கன்னமும் ஒத்திரா.

ஆகவே, பென்சிலால் உருவத்தை அமைத்து, பழுப்பும் நீலமும் கலந்த மெல்லிய நீர்வண்ணம் பூசி, அது உலர்ந்தபின் கோடுகளை ஒவ்வொன்றாக இட்டேன். வெயில் படும் முகடுகளில் தாளின் வெண்மையை விட்டுவைத்தேன். கண்மணியைச் செங்குத்துக் கீற்றாக இறுதியில் எழுதினேன்.

பேத்தி இம்முறை சிரிக்கவில்லை. "தாத்தா, இது நம்மைப் பார்க்கிறதா?" என்று தாழ்ந்த குரலிற் கேட்டாள்.