கோர்வையும் குடும்பமும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இளமையில் மணந்தோர் இல்லறம் உறுதிபெற நன்னெறிக் கல்வி எவ்வாறு துணைசெய்யும் என்பதே எனக்கு அளிக்கப்பட்ட பொருள். முதலில் ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறேன். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என 1978-இல் சட்டம் வரையறுத்தது. அதற்குமுன் நிகழும் மணம் தடுக்கப்பட வேண்டியதே. 1897-இல், தம் 14-ஆம் வயதில், 7 வயதுச் செல்லம்மாளை மணந்த பாரதியே பின்னாளில் குழந்தை மணத்தைக் கடிந்து எழுதினார். நான் பேச வந்தது, சட்டம் இசையும் வயதை எட்டியவுடன் மணமேடை ஏறும் இளையோரைப் பற்றி.

நம் காஞ்சியின் தறி வீடுகளை எண்ணிப் பாருங்கள். கணவன் தறியில் அமர்கிறான். மனைவி தார் சுற்றுகிறாள். கோர்வைக்குக் கரை நாடாவும் தள்ளுகிறாள். இருவர் உழைப்புக்கும் ஒரே கூலி. அதுவும் அவன் கைக்கே வருகிறது. திருமணக் கடனும் அக்கூலியை எதிர்பார்த்தே நிற்கிறது. பட்டு விலை ஏறி வேலை குறைந்தால் வீட்டில் சினம் புகுகிறது. சில வீடுகளில் குடியும் புகுகிறது.

அப்போது நாம் என்ன சொல்கிறோம்? "பொறுத்துப் போம்மா" என்கிறோம். பெண்ணிடம் மட்டுமே சொல்கிறோம். வள்ளுவர் பொறையுடைமையைப் பெண்ணுக்கென்று ஒதுக்கவில்லை. இனியவை கூறலுக்கும் வெகுளாமைக்கும் கள்ளுண்ணாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். மணமகளுக்குப் பொறுமையை ஓதிவிட்டு, மணமகனுக்கு மற்றவற்றைச் சொல்லாமல் விடுவது நெறிக்கல்வி ஆகுமா? அடிக்கும் கை முன் பொறுத்திரு என்பது அறமன்று. அவளைக் காக்க 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு.

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒன்றின் நிறத்தை மற்றொன்று அழிப்பதில்லை. ஆயினும் ஒவ்வோர் ஊடையிலும் இரண்டும் பிணைகின்றன. இருவர் கையும் ஒத்து இயங்காவிடில் அப்பிணைப்பு இல்லை. இல்லறத்திற்கு இதனினும் நல்ல பாடம் வேறு தேட வேண்டியதில்லை.

கவிஞர்களே, நாம் எத்தனையோ மணவிழாக்களில் வாழ்த்து மடல் வாசித்தோம். அது சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்குகிறது. நம் கடமையும் அத்துடன் முடிந்துவிடுகிறது. இனி, மணம் பேசி முடித்த இணையரை ஒருங்கே அமர்த்தி மூன்று மாலைகள் பேசுவோம். முதல் மாலை வரவு, செலவு, கடன். இரண்டாம் மாலை சினமும் இன்சொல்லும். மூன்றாம் மாலை பெண்ணின் படிப்பும், மகப்பேற்றுக்கு உரிய காலமும். அந்த மாலைக்கு இருவீட்டுப் பெற்றோரையும் அழைப்போம்.

பத்தாண்டுகள் கவிதை வளர்த்த நம் மன்றம், பதினோராம் ஆண்டில் இப்பணியைத் தொடங்கட்டும்.