பாத்தியில் இல்லாத சத்து

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டும்போது, பாத்தி ஓரங்களில் வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்கள் தெரியும். கடல் நீரில் அயோடின் இருக்கிறது. ஆனால் வெயிலில் காய்ந்து விளைந்த உப்பில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. அதைச் சேர்க்க, பொட்டாசியம் அயோடேட் கரைசலை உப்பின் மீது நாம்தான் தெளிக்க வேண்டும்.

அயோடின் சேர்த்த உப்பின் பலனை நிரூபித்தவர் டாக்டர் வி. ராமலிங்கசாமி. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் ஆய்வு தொடங்கியது. மூன்று பகுதிகள், இரண்டுக்கு அயோடின் உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில், அயோடின் குறைவால் வரும் கழுத்துக்கழலை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. மற்றதில் குறையவே இல்லை. 1962-இல் கழுத்துக்கழலையைக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் பிறந்தது.

வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 150 மைக்ரோகிராம் அயோடின் போதும்; ஆயுள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டிதான். கருவுற்ற தாய்க்குப் போதிய அயோடின் கிடைக்காவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சியே தடைபடும்.

எனக்கு வருத்தம் தருவது இதுதான்: 2018-19 தேசியக் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு, 61.9 சதவீதம். இத்தனை உப்பு விளைவிக்கும் நாம்! கல்லுப்பின் மீது நமக்குள்ள பிரியம் ஒரு காரணமாக இருக்கலாம். அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடையில் கிடைக்கிறது. பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள். அயோடின் வீணாகாமல் இருக்க, உப்பை மூடியுள்ள ஜாடியில், அடுப்பின் சூடு படாத இடத்தில் வையுங்கள். அதற்காகவே, குழம்பை இறக்கும் நேரத்தில் உப்புப் போடுங்கள்.