கையொப்பமிட்டுப் பெற்ற குடும்பப் பெயர்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கழகத்தார் நமக்கு அளித்த தலைப்பு குடும்பப் பெயரும் குடிபெயர்வும் என்பது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் ஏது என்று சிலர் கேட்கலாம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் இட்டுக்கொள்வதே நம் வழக்கம். அவ்வெழுத்து ஒரு தலைமுறையோடு மாறிவிடும். பாட்டன் பெயர் பேரன் பெயரில் இராது. பட்டம் உடைய சாதியார்க்கு அப்பட்டமே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்தது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அப்பட்டங்களைத் துறக்குமாறு கேட்டுக்கொண்டது. பலர் துறந்தனர், அது பாராட்டுக்குரியதே. ஆனால் நம்மவர்க்குத் துறப்பதற்கு என்ன பட்டம் இருந்தது? பழைய பத்திரங்களில் 'இன்ன பறையன் மகன் இன்னான்' என்று எழுத்தர் எழுதினார். பாட்டன் கைநாட்டு வைத்தார். பெயருக்குப் பின்னால் வந்தது பட்டமன்று, சேரி எங்கே இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

இருப்பினும், புதுச்சேரி, காரைக்கால் வட்டாரங்களில் நம்மவருள் சில குடும்பங்கள் நான்கைந்து தலைமுறைகளாக ஒரே குடும்பப் பெயரைத் தாங்கி வருகின்றன. அப்பெயர் பட்டமும் அன்று, ஊர்ப் பெயரும் அன்று. முன்னோர் ஒருவர் அதிகாரியின் மேசை முன் நின்று, சாட்சிகளை வைத்து, தாமே விரும்பிச் சொல்லி எழுதுவித்த பெயர். அது வந்த வழியையும் போன வழியையும் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

சமத்துவம் கேட்கும் குரல் நம்மவரிடம் அதற்கு வெகு முன்பே இருந்தது. புதுச்சேரிச் சம்பாக் கோயிலுக்குள் நம்மவரைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது என்பதும், நம்மவர் பாதிரியாரிடம் சென்று நியாயம் கேட்டபின் அது இடிக்கப்பட்டது என்பதும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுச் செய்தியாக உள்ளன. பிள்ளையவர்கள் அதை மகிழ்ந்து எழுதினார் என்று சொல்வதற்கில்லை. எழுதி வைத்தார், அந்த அளவில் நன்றி.

பிறகு 1873. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போலக் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துள் சென்றார். இந்தியர் அவ்வாறு வரலாகாது என்று நீதிபதி அவருக்குத் தண்டம் விதித்தார். அவர் பாரிசிலுள்ள உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். அவர் வேளாளர் குலத்தவர். அவர் கால்பட்ட இழிவு நீதிமன்ற வாசலில் மட்டுமே. ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்கவே விடப்படாத நம்மவர் அச்செய்தியை எவ்வாறு கேட்டிருப்பர் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு அரசு 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. பிரெஞ்சிந்தியக் குடிகளுள் வயது வந்த எவரும், எந்தச் சாதியினரும், எந்த மதத்தினரும், தம் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம் என்பது அதன் சாரம். இவ்வாறு துறந்தவரை 'ரெனோன்சான்' என்றனர். துறவு ஒருமுறை செய்தால் செய்ததுதான். திரும்பப் பெற முடியாது. மனைவியும் வயது வராத பிள்ளைகளும் உடன் சேர்வர். இவற்றோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. துறப்பவர் தமக்கும் தம் வழித்தோன்றல்களுக்கும் உரிய ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டும். அந்நிபந்தனையே இன்றைய நம் பேச்சுக்கு மூலம்.

பொன்னுத்தம்பிப் பிள்ளை தம் பட்டத்தை விட்டு 'லாப்போர்த்' என்ற பெயரை ஏற்றார். பிரெஞ்சில் அதற்கு 'கதவு' என்று பொருள். கதவைத் திறந்துவிட்டவர் என்ற எண்ணத்தில் அவர் அதை ஏற்றிருக்கலாம். அவர் திறந்த கதவின் வழியே நுழைந்தவருள் நம்மவரும் கிறித்தவரும் மிகுதி என்பதை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அதில் வியப்பில்லை. பட்டமும் நிலமும் கோயில் மரியாதையும் உடையவர் எதற்காகத் தம் வழக்கத்தைத் துறப்பார்? இழக்க ஒன்றும் இல்லாதவரே முதலில் கையொப்பமிட்டனர்.

எத்தகைய பெயர்களைத் தேர்ந்தனர்? சிலர் பிரெஞ்சுச் சொல் ஒன்றைப் பெயராக்கினர். சிலர் புனிதர் ஒருவரின் பெயரை ஏற்றனர். சிலர் தந்தையின் பெயரையே, தமிழாகவே, நிலைநிறுத்திக்கொண்டனர். இம்மூன்றாம் வகையினரைப் பற்றி நமக்குத் தனி மதிப்பு உண்டு. அதுவரை எவரும் மரியாதையுடன் அழைத்திராத ஒரு தந்தையின் பெயர், பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் தலைமுறை அடையாளமாயிற்று. அன்று பதிவேட்டில் ஏறிய முத்து இன்று ஒரு பிரெஞ்சு நகரத்து வீட்டு வாசல் பலகையிலும் இருக்கக் கூடும். பலகையில் எழுத்து மட்டும் வேறுபடும். ஆங்கிலத்தில் 'யு' என்ற ஓரெழுத்தால் எழுதும் உகரத்தைப் பிரெஞ்சுக்காரர் 'ஓ', 'யு' என்னும் இரண்டெழுத்துகளைச் சேர்த்து எழுதுவர். ஆதலால் எல்லைக்கு அப்பால் கடலூரில் எழுதப்படும் முத்துவும் இப்பால் எழுதப்பட்ட முத்துவும் காகிதத்தில் அயலாராகத் தோன்றுவர். பெயர் ஒன்றாயிருப்பதால் குடும்பம் ஒன்று என்றோ, பெயர் வேறாயிருப்பதால் உறவில்லை என்றோ முடிவு கட்டுதல் கூடாது. சட்டம் ஒவ்வொருவரையும் தனித்தனியே பெயர் கேட்டது.

பெயரைக் காட்டிலும் பெரிதான ஒன்றும் அந்தக் கையொப்பத்துள் அடங்கியிருந்தது. பிரெஞ்சு உரிமையியல் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் சொத்தில் சம பங்கு உண்டு. திருமணம் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிவாக வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956ஆம் ஆண்டுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, நம் பாட்டிமார் சிலர்க்கு இவ்வுரிமை காகிதத்திலேனும் கிடைத்தது. நம் வரலாற்றை எழுதுவோர் ஆண்களின் வேலை வாய்ப்பையே பேசி இதனை விட்டுவிடுகின்றனர் என்பது நம் குறை.

சட்டம் கொடுத்ததைச் சமூகம் எளிதில் கொடுக்கவில்லை. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் வைதிகக் கட்சியினர் ரெனோன்சான்களைக் கடுமையாக எதிர்த்தனர். 1884இல் ஐரோப்பியர்க்கு ஒன்று, ரெனோன்சான்களுக்கு ஒன்று, ஏனைய இந்தியர்க்கு ஒன்று என மூன்று வாக்காளர் பட்டியல்கள் ஏற்பட்டன. ஐரோப்பியருக்குச் சமம் என்று அழைத்தவர்களை ஐரோப்பியர் பட்டியலில் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1899இல் நடுப்பட்டியலும் எடுக்கப்பட்டது. உள்ளூரில் அப்பெயரின் அரசியல் மதிப்பு பெரிதும் குன்றிற்று.

நிற்க. உள்ளூரில் செல்லாத நாணயம் கடலுக்கு அப்பால் செல்லுபடியாயிற்று. தென் வியட்நாம் அன்று கொச்சின்சீனா என்ற பெயரில் பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்தது. அதன் தலைநகர் சைகோன். அங்கே வரித்துறை, காவல், சிறை, அஞ்சல், கலங்கரை விளக்கம் முதலிய பணிகளுக்குப் பிரெஞ்சு தெரிந்த, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஆட்கள் தேவைப்பட்டனர். குடும்பப் பெயர் பெற்றவர்கள் கப்பலேறினர். அங்கே அவர்கள் வாக்காளர். வெள்ளைக் குடியேறிகள் முணுமுணுத்தும் அவ்வுரிமையை எளிதில் பறிக்க இயலவில்லை. ஐரோப்பிய ஊழியர்க்கு உரிய ஊதியமும் விடுப்பும் தமக்கும் வேண்டும் என்று அவர்கள் வாதாடினர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்தோர் பலர். படையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவரைப் புதுச்சேரி 'சொல்தா' என்றழைத்தது. சேரியில் முதல் மாடி வீட்டைச் சொல்தா கட்டினார் என்று சொல்லக் கேட்காத தெரு குறைவு.

இதை நாம் பெருமையாக மட்டும் சொல்லவில்லை. வியட்நாமிய உழவரிடம் வரி தண்டிய கையில் நம் கையும் இருந்தது. அடக்கப்பட்டவன் வேறொரு மண்ணில் அடக்குவோரின் ஊழியனாக நின்றான். தன் பிள்ளையைப் படிக்க வைக்க அவனுக்கு வேறு வழி திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

1954ஆம் ஆண்டு மே மாதம் தியன் பியன் பூ வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18இல் கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. நவம்பர் முதல் நாள் புதுச்சேரி ஆட்சி இந்தியாவிடம் வந்தது. கையொப்பத்தின் இரு கரைகளும் ஒரே ஆண்டில் மாறின. 1956இல் ஒப்பமான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தபோது, இம்மண்ணில் பிறந்து இங்கேயே வாழ்ந்தோர் இந்தியக் குடிகளாயினர். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. சுமார் 5,000 பேர் அவ்வாறு தெரிவித்தனர். அந்த ஆறு மாதத்தில் ஒரே வீட்டின் அண்ணன் ஒரு நாட்டவரும் தம்பி வேறு நாட்டவரும் ஆயினர். செய்தி எட்டாதவர், எழுதத் தெரியாதவர், பென்சனுக்கும் இதற்கும் தொடர்பு என்ன என்று கேட்டு வாளாவிருந்தவர் பலர். இன்று பிரான்சிலிருந்து வந்திருக்கும் உறவினர்க்கும் இங்கேயே தங்கிவிட்ட உறவினர்க்கும் இடையில் இருப்பது திறமையின் வேறுபாடன்று. ஒரு விண்ணப்பத் தாளின் வேறுபாடு.

பள்ளி அலுவல் பார்ப்பவர் என்ற முறையில் ஒன்றை அழுத்திக் கூற வேண்டியவராயிருக்கிறோம். சாதியைக் கடக்கவென்று முன்னோர் ஏற்ற பெயர், இன்று சாதிச் சான்றிதழ் கேட்கும் மாணவனுக்கு இடையூறாக வருவதுண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை மதத்தோடு பிணைத்தது. புதுச்சேரிக்கென 1964இல் வந்த ஆணையும் அவ்வழியதே. பின்னர் சீக்கியர்க்கு 1956இலும் பௌத்தர்க்கு 1990இலும் விரிந்த அவ்வுரிமை, கிறித்தவத் தலித்துகளை இன்னும் எட்டவில்லை. ஆதலால் பெயரின் ஒலியைக் கேட்டே 'நீ கிறித்தவன்தானே' என்று கேட்கும் நிலை வருகிறது. பாட்டன் ஏற்ற பிரெஞ்சுச் சொல் மதச் சான்று ஆகாது. கேள்வி எழுந்தால் மூல ஆவணத்தைக் காட்டி, அது 1881ஆம் ஆண்டு ஆணையின்கீழ் தேர்ந்த குடும்பப் பெயர் என்று விளக்க வேண்டும். விளக்க, ஆவணம் கையில் இருக்க வேண்டும்.

பழைய பதிவுகள் மூன்று இடங்களில் தேடத் தக்கன: புதுச்சேரியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை, பிரான்சில் எக்சு நகரத்துக் கடல் கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம், நாந்து நகரத்து மையப் பிறப்பு இறப்புப் பதிவகம். ஆனால் முதலில் தேட வேண்டிய இடம் வீட்டுப் பரண்மேல் உள்ள தகரப் பெட்டி. துறவுப் பத்திரம், திருமணப் பதிவு, சொல்தாவின் படைச் சேவைப் புத்தகம், சைகோனிலிருந்து வந்த கடித உறைகள் ஆகியவற்றில் பெயர் எழுத்துக்கெழுத்து எவ்வாறு உள்ளதோ, அவ்வாறே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தர் அவசரத்தில் ஓரெழுத்தைக் குறைத்தால் அன்றே திருத்தக் கேளுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்தபின் திருத்த நேரிட்டால் அலைச்சல் மிகுதி.

கழகம் நம் வேண்டுகோளை ஏற்று அலுவலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கியிருக்கிறது. மூலத்தை எவரும் ஒப்படைக்க வேண்டியதில்லை. கொண்டு வந்தால் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைக் கழகத்தில் வைத்து, மற்றொன்றை மூலத்தோடு அன்றே திருப்பித் தருவோம். பிரெஞ்சில் உள்ளவற்றைப் படித்துச் சொல்ல ஓய்வு பெற்ற ஆசிரியர் இருவர் ஞாயிறுதோறும் காலையில் இருப்பர். கரையான் அரித்தவற்றையும் எறிந்துவிடாமல் துணியில் பொதிந்து கொண்டு வாருங்கள்.