திருச்சபை ஒற்றுமையும் ஒரே பந்தியும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருச்சபை ஒற்றுமை குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இந்த அவையில் சி.எஸ்.ஐ. சபையார் இருக்கிறீர்கள், லுத்தரன் சபையார் இருக்கிறீர்கள், பெந்தெகொஸ்தே சபையார் இருக்கிறீர்கள், பிற சமயத்து உடன்பிறப்புகளும் இருக்கிறீர்கள். நம் தெருக்களில் அடுத்தடுத்து மூன்று ஆலயங்கள் நிற்பதையும், தெளிப்பு ஞானஸ்நானமா முழுக்கு ஞானஸ்நானமா என்ற வாதத்தினால் அண்ணனும் தம்பியும் பேச்சற்றுப் போவதையும் நாம் அறிவோம். ஆகவே இப்பொருள் நமக்கு அயலானது அன்று.

கொள்கை வேறுபாடுகளை எள்ளி நகையாடுதல் கற்றோர்க்கு அழகன்று. மனச்சான்றுக்கு அஞ்சிய மக்களிடையே எழுந்த வேறுபாடுகள் அவை. 1529 ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு மார்பர்க் கோட்டையில், ஹெஸ்ஸே நாட்டுப் பிரபு பிலிப்பின் அழைப்பை ஏற்று மார்ட்டின் லூதரும் உல்ரிக் சுவிங்கிளியும் சந்தித்தனர். பதினைந்து பொருள்களை ஆராய்ந்தார்கள். பதினான்கில் உடன்பட்டார்கள். பதினைந்தாவதான திருவிருந்திலும் பல செய்திகளில் இசைவு இருந்தது. அப்பத்தைத் தம் சரீரம் என்று இயேசு கூறியதன் பொருள் யாது என்னும் ஒரு வினாவில்தான் பிரிந்தார்கள். சொன்ன சொல் சொன்னபடியே மெய் என்றார் லூதர். அது குறிப்பு மொழி என்றார் சுவிங்கிளி. பிலிப்பு விரும்பிய கூட்டணி கைகூடவில்லை. சீர்திருத்தச் சபைகள் அன்று தொட்டு இருவேறு பந்திகளில் அமர்ந்தன.

ஆயினும் அதே திருவிருந்தைக் குறித்துக் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கண்டனம் எதைப் பற்றியது? வசதியுள்ளோர் முந்தி உண்டனர், இல்லாதோர் பசித்திருந்தனர். அவ்வாறு உண்பது ஆண்டவருடைய விருந்தே அன்று என அவர் கடிந்துரைத்தார். அப்பத்தின் தன்மையைப் பற்றி நூற்றாண்டுகளாக வாதிட்டோம். அருகில் அமர்ந்திருப்பவனைப் பற்றிய வினாவை எத்துணை முறை எழுப்பினோம்?

தமிழ்நாட்டில் அவ்வினா ஒரு காலத்தில் வெளிப்படையாகவே எழுந்தது. பழைய சபைகளில் சாதிக்கொரு இருக்கை இருந்தது. திருவிருந்துப் பாத்திரத்தை வாங்கும் வரிசையிலும் முன்பின் பார்த்தார்கள். 1833 ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதியை அறவே விலக்க வேண்டும் என ஆணையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதை எதிர்த்துச் சபையை விட்டு விலகினர். பின்னாளில் வந்த லைப்சிக் மிஷன் வேறு கொள்கை கொண்டது. சாதி பெரிதும் சமூக வழக்கம். அதைச் சட்டத்தால் அன்று, போதனையால் மெல்லக் களைய வேண்டும் என அதன் தலைவர் கார்ல் கிரவுல் வாதிட்டார். ஆங்கிலிக்கன் சபையை விட்டு விலகியோரில் பலர் லுத்தரன் சபையில் இடம்பெற்றனர். இருதரப்பாரும் வேதத்தையே சான்று காட்டினர். ஆனால் "மெல்ல" என்ற சொல்லின் விலையைச் செலுத்தியவர்கள் யார்? கடைசி வரிசையில் அமர்ந்திருந்த நம் முன்னோரே அன்றோ!

பின்னர் 1919 ஆம் ஆண்டு மே மாதத்தில், சபை ஒற்றுமையை நாடிய இந்திய ஊழியர்கள் தரங்கம்பாடியில் கூடினர். முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வே. சா. அசரியா அவர்களுள் முதன்மையானவர். சபைப் பிரிவுகள் நாம் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து நம்மீது சுமத்தப்பட்டவை என அவர்களது அறிக்கை துணிந்து கூறியது. அது முற்றிலும் உண்மை. கப்பலில் வந்த பிரிவுகளை அவ்வறிக்கை அடையாளம் கண்டது. ஆனால் நம் மண்ணிலேயே முளைத்த பிரிவு ஒன்று எஞ்சி நின்றது.

அன்று தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் நீடித்தது. பேராயர் பதவியும் குருத்துவ அபிஷேகமுமே பெருந்தடைகள். தீர்வு எவ்வாறு பிறந்தது? முன்னரே அபிஷேகம் பெற்ற ஊழியர்களை மறுபடியும் அபிஷேகம் செய்யவில்லை. இனி வருவோரைப் பேராயரே அபிஷேகம் செய்வர் என வகுத்தனர். பேராயர் பதவியை அனைவரும் ஏற்றனர். அதற்கு ஒரே விளக்கத்தை எவர்மீதும் திணிக்கவில்லை. 1947 ஆம் ஆண்டு செப்டம்பர் 27 ஆம் நாள், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அசரியா அந்நாளைக் காணவில்லை. 1945 இலேயே மறைந்தார். லுத்தரன் சபைகள் இணையவில்லை, பாப்திஸ்துகளும் இணையவில்லை. எனினும் 1970 இல் தோன்றிய வட இந்தியத் திருச்சபை, குழந்தை ஞானஸ்நானத்தையும் விசுவாசிகளின் ஞானஸ்நானத்தையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டது. 1973 இல் ஐரோப்பிய லுத்தரன், சீர்திருத்தச் சபைகள் லாயன்பெர்க் உடன்படிக்கையின் வாயிலாக ஒரே திருவிருந்தில் பங்கு கொள்ள இசைந்தன. மார்பர்க்கில் பிரிந்த பந்தி 444 ஆண்டுகளுக்குப் பின் ஒன்றாயிற்று. வேறுபாடு மறைந்தா ஒன்றாயினர்? இல்லை. வேறுபாடு இருக்கவே ஒன்றாயினர்.

இளைஞர்களே! கொள்கைப் பிணக்கைத் தீர்க்க நூற்றாண்டுகள் பொறுமையுடன் உழைத்தவர்களைப் போற்றுகிறேன். ஆனால் ஏட்டில் இணைந்த சபையிலும், சில ஊர்களில் கல்லறைகள் பிரிந்தே கிடக்கின்றன. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில் பழைய வேலி நிற்கின்றது. 1981 இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் எழுப்பிய இறையியல் வினாக்களும், அவற்றின் வழி வளர்ந்த தலித் இறையியலும், இந்த ஏட்டிற்கும் வாழ்விற்கும் இடைப்பட்ட இடைவெளியையே சுட்டிக் காட்டின. 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் பின்வந்த திருத்தங்களும், கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதியாருள் சேர்க்கவில்லை. அவ்வாணை எவரையும் நீ லுத்தரனா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா என வினவவில்லை. நம்மை விலக்குவோர் நம்மை ஒன்றாகவே காண்கின்றனர். நாமோ நம்முள் பலவாக நிற்கிறோம்.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். உங்கள் சபையின் கொள்கையை ஆழக் கல்லுங்கள். கல்லாதவனே பிறர் கொள்கையைப் பழிக்கிறான். அடுத்த சபையாரின் கொள்கையை அவர்கள் வாயாலேயே கேட்டறியுங்கள். ஒற்றுமை பேசப்படும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, "பந்தியில் எங்கள் இடம் எது?" என்று பணிவோடும் அச்சமின்றியும் வினவுங்கள். அவ்வினாவுக்கு விடை கூறாத ஒற்றுமை ஒப்பந்தமாகலாம், ஐக்கியமாகாது.

இச்சங்கத்தின் விளக்கொளியில் படித்த பிள்ளைகளை எச்சபையார் என்று எவரும் கேட்டதில்லை. ஒரே பாயில் அமர்ந்து படித்தார்கள். அப்பாயை ஆலயத்திற்குள்ளும் விரிப்பதே உங்கள் தலைமுறையின் கடமை.