புது ஃபேன், பழைய ஒயரிங்



ஆசையாகப் புது ஃபேன் வாங்கி மாட்டுகிறோம். ஸ்விட்ச்சைப் போட்டால் சுற்றவில்லை. அல்லது ‘ம்ம்’ என்று முனகுகிறது. கடைக்காரர் பழுதான ஃபேனைத் தலையில் கட்டிவிட்டார் என்று கோபம்தான் முதலில் வரும். ஆனால் கேரளத்தின் மட்டாஞ்சேரி போன்ற பழைய ஊர்களில் ஃபேனைச் சந்தேகிக்கும் முன்பு, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரைச் சந்தேகிக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

போர்த்துக்கீசியர் கட்டிய அரண்மனையும், 1568-ல் எழுந்த பரதேசி யூதக் கோயிலும் நிற்கிற ஊர் மட்டாஞ்சேரி. சுற்றியுள்ள பழைய வீடுகளும் மிளகு, சுக்கு அடுக்கிய பண்டகசாலைகளும் மின்சாரம் வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. ஒயர் பிற்பாடுதான் மர உத்தரங்களில் ஏறியது. பிறகு பாகப்பிரிவினை நடந்தது, அறைகள் வாடகைக்குப் போயின. தேவைப்பட்ட இடத்துக்கெல்லாம் பக்கத்து அறையிலிருந்து ஒரு லைன் இழுத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்குக் காயல் காற்று. செம்புக் கம்பியின் ஜாயின்ட்டுகளில் உப்பு ஈரம் பட்டுக் களிம்பு ஏறிவிடுகிறது. இங்கே தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் பாடம் பாதுகாப்பு. பழைய வீட்டில் ஃபேன் ஸ்விட்ச்சை மட்டும் அணைத்துவிட்டு ஏணியில் ஏறாதீர்கள். ஸ்விட்ச் பேஸ் ஒயரில் இருக்க வேண்டும். மாற்றி நியூட்ரலில் போட்டிருந்தால் ஃபேன் நிற்கும். ஆனால் மேலே உள்ள ஒயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். மெயினை அணைத்த பிறகும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று அதற்கு முன்பே, மின்சாரம் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நோயின் குறிகளைப் பார்ப்போம்.

ஃபேனில் அசைவும் இல்லை, சத்தமும் இல்லை. மேலே டெஸ்டர் வைத்தால் இரண்டு ஒயரிலும் விளக்கு எரிகிறது. இது பலரைக் குழப்பும் இடம். நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு ஒயரில் வந்த பேஸ், ஃபேனின் காயில் வழியாகப் போய் மறு ஒயரிலும் நிற்கிறது. ஃபேனைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒரு ஒயரில் மட்டும் எரியும். இதை உறுதி செய்ய எலக்ட்ரீஷியன்கள் ஹோல்டரில் பழைய 60 வாட் குண்டு பல்பை மாட்டி இரண்டு ஒயருக்கும் நடுவே கொடுப்பார்கள். நியூட்ரல் அறுந்திருந்தால் பல்ப் எரியாது. மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் ஜாயின்ட்டில் களிம்பு என்று பொருள். மல்டிமீட்டரோ அதே இடத்தில் 230 என்று காட்டும். பாரம் இல்லாதபோது கெட்ட ஜாயின்ட்டும் முழு வோல்ட்டேஜைக் காட்டும். சாதாரண ஃபேன் இழுப்பது சுமார் 75 வாட். ஆகவே கிட்டத்தட்ட அதே பாரத்தை இழுக்கும் அந்தக் குண்டு பல்ப் மீட்டரைவிட நம்பகமான சாட்சி.

அடுத்தது, முனகல் வருகிறது, சுற்றவில்லை. ஃபேனுக்குள் ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று இரண்டு காயில்கள் உண்டு. ரன்னிங் காயில் மட்டும் இருந்தால் எந்தப் பக்கம் சுற்றுவது என்று மோட்டாருக்குத் தெரியாது. அந்தத் திசையைத் தருவது ஸ்டார்ட்டிங் காயிலோடு சேர்ந்த கன்டென்சர், பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். புது ஃபேனில் கன்டென்சர் கெட்டிருப்பது குறைவு. ராடை முறுக்கும்போதும் மேல் கப்பைத் தள்ளி மூடும்போதும் அதன் ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

மூன்றாவது, ஃபேன் சுற்றுகிறது, கீழே காற்று இல்லை. உள் ஒயர்களை யாராவது கழற்றி மாற்றிக் கொடுத்திருந்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். ஒயர் நிறத்தை நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டரை ஓம்ஸில் வைத்து, மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் இரண்டிரண்டாக அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 150, 200, 350 என்று வருகிறது என்று வையுங்கள். 350 காட்டிய ஜோடியில் சேராத ஒயர்தான் இரண்டு காயில்களுக்கும் பொதுவான காமன். காமனோடு 150 காட்டுவது ரன்னிங், 200 காட்டுவது ஸ்டார்ட்டிங். கன்டென்சரை இந்த இரண்டுக்கும் நடுவே கொடுத்து, லைனைக் காமனுக்கும் ரன்னிங்குக்கும் கொடுத்தால் ஃபேன் நேராகச் சுற்றும்.

நான்காவது, மிக முக்கியமானது. ஸ்விட்ச்சைப் போட்டதும் நாம் பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்று சொல்லும் கருவி டப்பென்று விழுகிறது. எடுத்தவுடன் அதைத் திட்டுகிறோம். சிலர் அதையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பேஸில் போன மின்சாரம் அதே வழியின் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது கணக்குப் பார்க்கிறது. வீட்டுக்கு வேண்டிய கருவி 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே லைனை வெட்டிவிடும். ஒயரின் தோல் ராடில் நசுங்கிக் கசிந்தாலும் விழும். பாகம் பிரித்த வீடுகளில் இன்னொரு காரணம் உண்டு. பேஸ் உங்கள் மீட்டரிலிருந்து வரும். நியூட்ரல் அண்ணன் வீட்டு லைனில் போய்ச் சேரும். இதில் உயிராபத்து இருக்கிறது. நீங்கள் உங்கள் மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல் ஜாயின்ட்டைப் பிரிக்கும்போது, அண்ணன் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்த ஒயர் உங்களை அடிக்கும். இரு வீட்டு மெயினையும் அணைத்து, நியூட்ரலை அவரவர் லைனுக்கே பிரித்துக் கொடுப்பதுதான் தீர்வு.

இன்னொரு சொல். இப்போது பலரும் சுமார் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குகிறார்கள். அதைப் பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது. உள்ளே இருக்கும் சர்க்யூட் பழுதாகும். ரெகுலேட்டரை நீக்கி லைனை நேராகக் கொடுங்கள்.

இவற்றையெல்லாம் தெரிந்துகொள்ளச் சொல்வது, நீங்களே ஏணியில் ஏறுவதற்காக அல்ல. கேரளத்தில் ஒயரிங் வேலைக்கு மின் உரிம வாரியம் தரும் பெர்மிட் வேண்டும். பெர்மிட் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். “ஃபேன் ஓடலே” என்று மட்டும் சொல்லாமல், கண்ட குறியைச் சொல்லுங்கள். ஃபேன் ஓடியதும் அவரை அனுப்பிவிடாதீர்கள். அந்த அறையின் நியூட்ரல் எங்கே போகிறது, எர்த் இருக்கிறதா, ஜாயின்ட்டுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ஃபேன் வாங்கும்போது அந்த லைனைச் சரிபார்க்கும் கூலியையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். அந்தப் பணம் வீட்டில் இருப்பவர்களின் உயிருக்குக் கட்டும் காவல்.