ஒலிக்கலவையும் சொல்லின் அளவும்



பாட்டில் சொல் விளங்கவில்லை என்பது பாவலர்களின் பழைய முறையீடு. எழுதிய வரி கருவிகளின் அடியில் அமிழ்ந்துவிட்டதென வருந்தாத பாடலாசிரியர் அரியர். பழி பெரும்பாலும் இசையமைப்பாளர் தலையில் விழும். சிலபோது பாடகர் நாவின்மீது விழும். இருவருக்கும் செவிக்கும் இடையே அமர்ந்து ஒலிகளைக் கலப்பவரை எவரும் நினைப்பதில்லை.

ஒரே ஒலிவாங்கியைச் சூழ்ந்து அனைவரும் நின்று பதிவு செய்த காலத்தில், கலவை என்பது தூரத்தால் அமைந்தது. பாடகர் கிட்ட நிற்பார். முழங்கும் கருவி எட்ட நிற்கும். பின்னர்க் காந்த நாடா வந்து ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பிரித்தது. கணினி அதனை வீட்டிற்கே கொணர்ந்தது. ஏ. ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தோடு ஒட்டி அமைத்த ஒலிப்பதிவுக்கூடமும், 1992இல் வெளிவந்த 'ரோஜா'வும் தமிழ்ச் செவிக்குப் புதிய தெளிவைக் காட்டின. அவருடன் நெடுங்காலம் பணியாற்றிய ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் 2008இல் மறைந்தார். பாடல்களைப் போற்றியோருள் அவர் பெயரை அறிந்தோர் எத்துணைப் பேர்? 2000ஆம் ஆண்டு முதல் ஆடாசிட்டி போன்ற மென்பொருள் விலையின்றியே கிடைப்பதால், முதலியார்பேட்டைச் சிற்றறையில் அமர்ந்தும் ஓர் இளைஞர் இக்கலையைப் பயிலலாம்.

பயில்வோர் முதலில் செய்யும் பிழை ஒன்றுண்டு. குரல் கேட்கவில்லையெனில் குரலை உயர்த்துவர்; பின் மத்தளம் மங்கிற்றென்று அதையும் உயர்த்துவர். எண்முறைப் பதிவில் உச்சவரம்பு கடுமையானது. அதனைத் தாண்டிய அலையின் முகடு வெட்டுண்டு கரகரக்கும். உண்மையில் குரல் தாழ்ந்திருப்பதில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது. 1898இல் தோன்றி 2020இல் மூடப்பட்ட ரோடியர் ஆலையின் ஊர் இது. தறி இரைச்சலில் அடுத்து நிற்பவர் பேச்சும் செவிக்கு எட்டாது என்பதை இவ்வூரார்க்கு விளக்க வேண்டுவதில்லை. மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களில் தங்கியுள்ளது. கிதாரும் தாளத்தகடும் அங்கேயே குடியேறினால் சொல் ஒதுங்கும். குரலை உயர்த்தாது, அக்கருவிகளை அந்த இடத்தில் மட்டும் சற்றுக் குறைப்பதே மருந்து.

இதனினும் நுண்ணியது எதிரொலிச் சேர்க்கை. தொல்காப்பியர் மாத்திரையைக் கண்ணிமையாலும் நொடியாலும் அளந்தார். (அந்நொடி விரல்நொடிப்பு, இன்றைய வினாடி அன்று.) குறுந்தகடோ ஒரு வினாடியை 44,100 கூறுகளாக அளக்கிறது. இத்துணை நுட்பமான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள எல்லையை அழித்துவிடுகிறோம். எதிரொலி மிகுந்தால் குறில் நீள்கிறது; வல்லொற்றின் நடுவே நிற்க வேண்டிய சிறு மௌனம் நிரம்பிவிடுகிறது. 'பட்டம்' 'படம்' என மயங்கக்கூடும். இசையில் எழுத்து தன் அளவைக் கடந்து நீளலாம் என்று நூன்மரபே இசைவு தருகிறதே எனலாம். அவ்விசைவு பாடுவோர் அறிந்து செய்யும் நீட்சிக்கு உரியது. பொறி அறியாது செய்யும் நீட்சிக்கு அதனைச் சான்று காட்டுதல் பொருந்தாது.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில், குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன்பின் முழவும் இயைந்து சென்றதாக இளங்கோவடிகள் காட்டுகிறார். ஏனைக் கருவிகளின் குறையை நிரப்புதலும் மிகையை அடக்குதலும் தண்ணுமை ஆசிரியன் கடன் என்கிறது அக்காதை. கலவை பயில்வோர்க்கு இதனினும் நல்ல பாடத்திட்டம் தேடுதல் வீண். அடக்குதலை முதலிலும் நிரப்புதலைப் பின்னரும் பயில்வது நன்று.

பயிற்சி எளிது. ஒரு வெண்பாவைப் பாடச்செய்து பதிந்து, தம்பூராவையும் மிருதங்கத்தையும் தனித்தடங்களில் சேர்க்க வேண்டும். காதொலிப்பானில் மட்டுமன்றிச் சிறிய ஒலிபெருக்கியிலும் மெல்லக் கேட்க வேண்டும். வெண்பாவை முன்னறிந்தவர் செவி இல்லாத சொல்லையும் கேட்டுவிடும். ஆதலால், பாடலை அறியாத ஒருவரை அழைத்துக் கேட்டதைக் கேட்டபடி எழுதச் சொல்ல வேண்டும். அவர் எழுதியது தளை தட்டினால், எழுதியவரைக் கடிந்துகொள்ளாமல் அந்த அடிக்கே திரும்பிச் சென்று மிருதங்கத்தை ஒரு படி இறக்கிப் பார்க்கலாம்.